இளைத்த உடம்புக்குப் பழைய மாத்திரை

எடை குறைந்தால் இரத்த அழுத்தமும் இறங்கும் என்று மருத்துவர் சொல்லும்போது நாம் மகிழ்ச்சியோடு தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். எவ்வளவு இறங்கும், இறங்கிய பிறகு ஏற்கெனவே விழுங்கிக்கொண்டிருக்கும் மாத்திரைகளின் கதி என்ன என்ற கேள்வி அந்த அறையில் பெரும்பாலும் எழுவதே இல்லை. சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் வீட்டுக்கு வீடு பேச்சாக இருக்கும் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில், பயந்தோ பிடிவாதத்தாலோ எடையைக் குறைத்தவர்கள் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். அவர்களில் சிலர், "எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நானும் அந்த வரிசையில் நின்றவன் என்பதால், இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதலாம் என்று தோன்றியது.

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். பத்துப் பேரில் மூவருக்கு இரத்தக் கொதிப்பு. ஆகவே எடையைக் குறையுங்கள் என்ற அறிவுரை நமக்கு எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது, அது சரியான அறிவுரையும்கூட. குறைத்து முடித்தவனுக்கு அடுத்து என்ன என்பதுதான் யாருடைய பேச்சிலும் இல்லை.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது என் எடை 94 கிலோ. சர்க்கரை இருப்பது தெரிந்த பிறகு, சுகாதார அமைச்சின் 'சூக்கு சூக்கு செப்பாரு' முறையைப் பிடித்துக்கொண்டேன்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ, மீதிப் பாதி காய்கறியும் பழமும். காலையில் ரொட்டி சானாயும் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கும் போயின. கூடவே கருவாடு, ஊறுகாய், மீகோரேங்கில் தாராளமாக ஊற்றும் கிச்சாப் என்ற சோயா சாறு ஆகியவற்றையும் நிறுத்தினேன். செம்பனைத் தோட்டத்து மண்சாலையில், பழம் ஏற்றும் லாரிகள் புழுதி கிளப்பத் தொடங்குமுன் நடந்துவிட்டுத் திரும்புவேன். எடை 78க்கு இறங்கியது. சட்டைகளையும் கால்சட்டைகளையும் தையற்காரரிடம் கொடுத்துப் பிடித்துத் தைக்கச் சொன்னேன். என் இரத்தக் கொதிப்பு மாத்திரைகள் மட்டும் 94 கிலோ உடம்புக்கு எழுதிய அளவிலேயே தொடர்ந்தன: பெரிண்டோபிரில் 8 மில்லிகிராம், அம்லோடிபின் 10 மில்லிகிராம், ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரை 25 மில்லிகிராம்.

முதலில் அது தலைசுற்றல் என்றே தோன்றவில்லை. பூசையறையில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டு எழும்போது, பார்வையின் ஓரங்கள் சாம்பல் நிறமாகி உள்நோக்கிச் சுருங்கும். காதில் மெல்லிய இரைச்சல் கேட்கும். கழுத்தின் பின்பக்கமும் தோள்களும் யாரோ பிடித்து இழுப்பதுபோல் வலிக்கும். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றால் அரை நிமிடத்தில் தெளிந்துவிடும். அந்தக் கழுத்துவலியை நான் தலையணையின் மேல் பழி போட்டிருந்தேன். நின்றவுடன் அழுத்தம் வீழ்கிறவர்களுக்குக் கழுத்திலும் தோளிலும் வலி வருவது மருத்துவர்கள் நன்கு அறிந்த அடையாளம் என்று பிறகுதான் தெரிந்தது. அந்தத் தசைகளுக்குப் போதிய இரத்தம் போய்ச் சேராததால் வருகிற வலி அது.

ஊரில் யோசனைக்குப் பஞ்சமில்லை. பக்கத்து வீட்டு அக்கா, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர், "என்னங்க சார், இப்படி வத்திப் போயிட்டீங்க, உடம்புக்கு ஏதும் சுகமில்லையா?" என்று கேட்டு, தினமும் கெட்டியாக மைலோ குடிக்கச் சொன்னார். உறவினர் ஒருவர் இரத்தம் குறைந்துவிட்டது என்று முடிவு கட்டி, இரும்புச்சத்து மாத்திரையை வாங்கியே வந்துவிட்டார். இன்னொருவர் ஆப்பிள், பீட்ரூட், கேரட் சேர்த்து அரைக்கும் ஏபிசி ஜூஸைப் பரிந்துரைத்தார். பீட்ரூட்டில் உள்ள நைட்ரேட் உடலுக்குள் நைட்ரிக் ஆக்சைடாக மாறி இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. அதனால் அழுத்தம் சற்று இறங்கவே செய்யும். அழுத்தம் இறங்கித் தவிப்பவனுக்கு அன்போடு கொடுக்கப்படும் பானம் இது! அன்பை மறுக்க முடியாமல் கொஞ்சம் குடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எடை குறையும்போது உடம்புக்குள் நடப்பது என்ன? கொழுப்புத் திசு சும்மா கிடக்கும் சுமை அன்று. அதற்கும் இரத்தம் ஓட வேண்டும், அதற்காக இதயம் கூடுதலாக இறைக்க வேண்டும். அந்தத் திசு, இரத்தக் குழாய்களை இறுக்கும் ஆஞ்சியோடென்சினுக்கு மூலப்பொருளையும், நரம்புகளை முடுக்கிவிடும் லெப்டினையும் சுரக்கிறது. சிறுநீரகத்தைச் சுற்றிப் படிந்த கொழுப்பு அதை அழுத்தி, உப்பை வெளியேற்ற விடாமல் தடுக்கிறது. எடை குறையக் குறைய இவை அனைத்தும் தளர்கின்றன. ஒரு கிலோ குறைந்தால் அழுத்தத்தின் மேல் எண் ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கும் என்பது மருத்துவர்கள் கையாளும் பொதுவான கணக்கு. ஆளுக்கு ஆள் அது கூடும், குறையும். என் கணக்கில் அது 16 புள்ளி. உண்மையில் ஒரு முழு மாத்திரை செய்யக்கூடிய வேலை அது.

இதோடு சோற்றையும் மாவையும் குறைத்ததன் விளைவு தனியாகச் சேர்கிறது. கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து, ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது தண்ணீரும் போகிறது. இன்சுலின் சுரப்பு தணிந்ததும் சிறுநீரகம் உப்பை வழக்கத்தைவிட அதிகமாக வெளியே விடுகிறது. முதல் வாரங்களில் தராசு முள் மளமளவென்று இறங்குவதைப் பார்த்துக் கொழுப்பு கரைகிறது என்று பூரித்துப்போகிறோமே, அதில் பெரும்பகுதி தண்ணீரும் உப்பும்தான். அதே நேரத்தில் கருவாட்டையும் கிச்சாப்பையும் நிறுத்தி, மேலே ஒரு நீர் மாத்திரையையும் போட்டுக்கொண்டு, ஈப்போ சாலையோரத்து வெயிலில் வியர்க்க வியர்க்க நடந்தால், குழாய்களில் ஓடும் நீரின் அளவு எந்தப் பக்கத்திலிருந்தும் குறையாமல் இருக்க வழியில்லை.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் இதயத்துக்கு மேலுள்ள பெருந்தமனியிலும் இருக்கும் உணர்விகள் அதை நொடியில் கண்டுகொண்டு, நாடித்துடிப்பைக் கூட்டி, குழாய்களை இறுக்கி, மூளைக்கு இரத்தம் தடைபடாமல் பார்த்துக்கொள்கின்றன. ஓடும் இரத்தத்தின் அளவே குறைந்திருந்தால், அல்லது குழாய்களை இறுக விடாமல் மாத்திரை பிடித்து வைத்திருந்தால், அந்த ஏற்பாடு சற்றுப் பிந்துகிறது. பிந்தும் அந்த இடைவெளியில்தான் கண் இருட்டுகிறது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 90க்கு 60 என்ற அளவுக்குக் கீழே இருந்தால் குறைந்த அழுத்தம் என்பது பொதுவான வரையறை. ஆனால் அந்த எண் மட்டுமே நோய் ஆகிவிடாது. என் அம்மா, பொழுது விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்று, பிறகு ரப்பர் பால் எடுக்கும் மங்குகளோடு மலைக்காட்டில் ஏறி இறங்கிய நாட்களில், மெலிந்த உடம்போடும் 100க்கு 60 என்ற அழுத்தத்தோடும்தான் இருந்தார். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசர் பாதரசக் கருவியில் பார்த்துவிட்டு, "இது உன் உடம்போட அளவு" என்று அனுப்பிவிடுவாராம். தொல்லை எதுவும் தராத குறைந்த எண்ணுக்கு மருத்துவம் தேவையில்லை. மாறாக, உட்கார்ந்திருக்கும்போது 112 என்று அழகாகக் காட்டுகிற ஒருவருக்கு, நின்றவுடன் அது 90க்குக் கீழே போகலாம். மருத்துவமனையில் நம்மை உட்காரவைத்தே பார்ப்பதால் இரண்டாவது வகை எளிதில் கண்ணில் படுவதில்லை.

அதனால் வீட்டிலேயே பார்க்கும் முறையை விவரமாகச் சொல்கிறேன். கட்டிலில் ஐந்து நிமிடம் அசையாமல் படுத்திருந்து ஒரு முறை அளக்க வேண்டும். கைப்பட்டையைக் கழற்றாமல் எழுந்து நின்று, ஒரு நிமிடம் கழித்து ஒரு முறையும், மூன்று நிமிடம் கழித்து இன்னொரு முறையும் அளக்க வேண்டும்; நிற்கும்போது கையைத் தொங்கவிடாமல், இதயத்தின் உயரத்துக்கு ஏதாவது ஒன்றின் மேல் தாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் வீழ்ந்தாலோ, கீழ் எண் 10 அல்லது அதற்கு மேல் வீழ்ந்தாலோ, அது நிலைமாற்றத்தால் வரும் தாழ்வழுத்தம். பக்கத்தில் ஒருவர் இருப்பது நல்லது. என் மனைவி குறிப்புப் புத்தகத்தோடு நின்றார். படுத்திருந்தபோது 112க்கு 68, நாடித்துடிப்பு 72. நின்று ஒரு நிமிடத்தில் 88க்கு 56, நாடித்துடிப்பு 90. மூன்றாவது நிமிடத்தில் 92க்கு 58. "இதுக்குத்தான் நிலையைப் புடிச்சிக்கிட்டு நின்னீங்களா?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

நாடித்துடிப்பையும் எழுதிவைத்தது வீண்போகவில்லை. மருத்துவர் அதைத்தான் முதலில் பார்த்தார். அழுத்தம் வீழும்போது நாடி நன்றாக ஏறினால், உணர்விகளும் நரம்புகளும் வேலை செய்கின்றன, குறை நீரிலோ மாத்திரையிலோ இருக்கக்கூடும் என்று பொருள். அழுத்தம் வீழ்ந்தும் நாடி அசையாமல் இருந்தால், நெடுநாள் சர்க்கரை தானியங்கி நரம்புகளைக் கெடுத்திருக்கலாம் என்ற ஐயம் வரும். மெட்டோபிரோலோல் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்த மருந்தே நாடியைப் பிடித்துவைக்கும் என்பதால், அவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

கைப்பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. பருமனாக இருந்த காலத்தில் என் மேற்கைச் சுற்றளவு 34 சென்டிமீட்டர். அதற்கேற்பப் பெரிய பட்டையுள்ள கருவியை வாங்கியிருந்தேன். இப்போது கை 31 சென்டிமீட்டர். கைக்குப் பெரிதான பட்டை அழுத்தத்தை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். சிறிதான பட்டை கூட்டிக் காட்டும். சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் வரைக்கும், பெரியது 32 முதல் 42 வரைக்கும் பொருந்தும். பட்டையின் மேலேயே அச்சிட்டிருக்கும். தாதி சாதாரணப் பட்டையைக் கட்டிப் பார்த்தபோது எண்கள் ஓரளவு ஏறின. நின்றவுடன் வீழும் வித்தியாசம் மட்டும் அப்படியே இருந்தது. எடை குறைத்தவர்கள் தங்கள் வீட்டுக் கருவியின் எண்ணை நம்பி எந்த முடிவும் எடுக்குமுன் கையை ஒருமுறை அளந்துகொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

அரசாங்க சுகாதார நிலையத்தில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணத்துக்கு நமக்குக் கிடைக்கும் சேவையை நான் ஒருநாளும் குறைவாகப் பேசமாட்டேன். ஆனால் நெடுநாள் நோயாளிகளுக்கு அங்கே மருத்துவரைப் பார்க்கும் நாள்களுக்கு இடையே மாதங்கள் கடந்துவிடுகின்றன. இடையில் மருந்துச் சீட்டைக் காட்டி மாதா மாதம் மாத்திரையை வாங்கி வருகிறோம். அந்த இடைவெளியில் உடம்பு மாறினாலும் சீட்டு மாறுவதில்லை. மருந்து கொடுக்கும் முகப்பில் இருப்பவருக்கு நாம் முன்பு எப்படி இருந்தோம் என்று தெரியப்போவதில்லை. நாமாகச் சொன்னால்தான் உண்டு.

நான் தவணை நாளுக்குக் காத்திராமல் குறிப்புப் புத்தகத்தோடு போனேன். இளவயது மலாய்ப் பெண் மருத்துவர். "சிக்கு (ஆசிரியரே), எடை குறைந்த பிறகு மருந்தின் அளவை யாராவது திருப்பிப் பார்த்தார்களா?" என்று மலாயில் கேட்டார். பிறகு வரிசையாகக் கேள்விகள்: மலம் கறுப்பாகப் போகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, முயற்சி செய்துதான் எடை குறைந்ததா, அல்லது தானாகவே போகிறதா, பசி எப்படி, இரவில் வியர்க்கிறதா. முயற்சி இல்லாமல் எடை குறைவது வேறு கதை. காசநோய், புற்றுநோய், தைராய்டு மிகைச்சுரப்பு, கட்டுப்படாத சர்க்கரை எல்லாம் அந்தக் கதையில் வரலாம். அட்ரினல் சுரப்பி குன்றிப்போனாலும் எடையும் அழுத்தமும் சேர்ந்தே குறையும். இரத்தத்தில் ஹீமோகுளோபின், சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் ஆகியவற்றைப் பார்த்தார்கள். இதயத் துடிப்பு வரைபடமும் எடுத்தார்கள். உறவினர் கொண்டுவந்த இரும்புச்சத்து மாத்திரைக்கு வேலை இல்லை என்பது ஹீமோகுளோபின் எண்ணிலேயே தெரிந்துவிட்டது.

முதலில் நீர் மாத்திரையை நிறுத்தினார். சில வாரங்கள் கழித்து அம்லோடிபினை 10இலிருந்து 5 ஆக்கினார். பெரிண்டோபிரிலில் கை வைக்கவில்லை. என் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிவதால், சிறுநீரகத்தைக் காக்கும் வேலையும் அந்த மாத்திரைக்கு இருக்கிறது என்றார். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தாமல் ஒவ்வொன்றாகக் குறைத்து, இடையிடையே அளந்து பார்த்தார். இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தாமாகவே நிறுத்த யாராவது எண்ணினால், தயவுசெய்து வேண்டாம். மெட்டோபிரோலோல் போன்ற சில மருந்துகளைத் திடீரென்று விட்டால் அழுத்தமும் நாடியும் துள்ளி எழும். ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கு அது நெஞ்சுவலியிலும் மாரடைப்பிலும் கொண்டுபோய் விடலாம்.

மருந்து சரியாகும்வரை சில பழக்கங்கள் கைகொடுத்தன. படுக்கையிலிருந்து எழுமுன் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, குதிகாலையும் முன்பாதத்தையும் மாறி மாறி அசைத்துவிட்டுத்தான் நிற்பேன். நின்ற இடத்தில் கண் இருட்டினால் கால்களைப் பின்னிக்கொண்டு தொடையையும் பின்புறத்தையும் இறுக்கினால், கீழே தேங்கிய இரத்தம் மேலேறும். கோயிலில் தீபாராதனைக்குக் காத்து நிற்கும்போது எவருக்கும் தெரியாமல் செய்யலாம். வயிறு நிறையச் சோறு சாப்பிட்ட பிறகு இரத்தம் குடலுக்குத் திரும்புவதால், வயதானவர்களுக்கு அடுத்த ஓரிரு மணி நேரத்தில் அழுத்தம் மேலும் வீழலாம். கல்யாண விருந்து முடிந்து கை கழுவ எழும் இடத்தில் பெரியவர்கள் சாய்வது ஏன் என்பது எனக்கு இப்போது புரிகிறது. தண்ணீர் குடிப்பதில் நான் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. உப்பைக் கூட்டலாமா என்று கேட்டதற்கு மட்டும் மருத்துவர் சிரித்துவிட்டு, நாளுக்கு ஐந்து கிராமுக்குள் என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவைத் தாண்ட வேண்டாம் என்றார். இரத்தக் கொதிப்புக்காரனுக்கு உப்பு மருந்தாகாது.

எங்கள் ஊரில் குறிப்பாகச் சிலரிடம் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தைப்பூசத்துக்கு 48 நாள் விரதமிருந்து, ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு, ஈப்போ கல்லுமலைக்குக் காவடி எடுத்துச் செல்பவர்களில் பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் இருக்கிறார்கள். விரதம் தொடங்குமுன்னரே மருத்துவரிடம் மாத்திரை அளவைப் பேசிக்கொள்ள வேண்டும். சர்க்கரைக்குக் கிளிக்கிளாசைடு எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்களுக்கு வரும் மயக்கம் அழுத்தத்தால் அல்லாமல் சர்க்கரை இறங்கியதாலும் இருக்கலாம். புரோஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்குத் தம்சுலோசின், பிரசோசின், டெரசோசின் எடுக்கும் ஆண்களுக்கு அந்த மாத்திரைகளே நின்றவுடன் அழுத்தத்தை வீழ்த்தக்கூடும். இரவில் சிறுநீர் கழிக்க எழும்போது விளக்கைப் போட்டுக்கொண்டு, முடிந்தால் உட்கார்ந்தே கழிப்பது நல்லது. எம்பாகிளிஃபுளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகள் சிறுநீரோடு நீரையும் உப்பையும் இழுத்துச் செல்வதால், எடையும் அழுத்தமும் சேர்ந்தே குறையும். செம்பனைக் குலை வெட்டும் வேலையில் நாள் முழுவதும் வியர்ப்பவர் நீர் மாத்திரையும் எடுக்கிறார் என்றால், தன் வேலை என்ன என்பதை மருத்துவரிடம் அவர் சொல்லியே ஆக வேண்டும். இரவுச் சந்தையில் விற்கும் 'இளைக்கும்' தேநீர்களில் நிலவாகை போன்ற பேதிச் சரக்குகள் இருந்தால், அவை இறக்குவது கொழுப்பை அன்று, நீரையும் பொட்டாசியத்தையும்தான். விற்பனையிலிருந்து விலக்கப்பட்ட சிபுட்ராமைன் கலந்த பொருள்களைப் பற்றியும் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது.

நினைவு தப்பி விழுந்தாலோ, தலைசுற்றலோடு நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், கை கால் மரத்துப்போதல், தார் போன்ற கறுத்த மலம் இவற்றில் எது இருந்தாலோ, அளந்து பார்த்துக்கொண்டிராமல் 999ஐ அழைக்க வேண்டும். வாந்தியோ பேதியோ பிடித்த நாளில் நீர் மாத்திரை, பெரிண்டோபிரில் போன்றவற்றை எடுப்பதா, நிறுத்திவைப்பதா என்பதை நலமாக இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்துக்கொள்வது நல்லது. அந்த நாளில் நமக்குக் கேட்கத் தெம்பு இருக்காது.

இப்போது நான் எழுந்து நிற்கும்போது அழுத்தம் வீழ்வது 10 புள்ளிக்குள் அடங்குகிறது. எடை இரண்டு கிலோ ஏறியிருக்கிறது. தீபாவளிப் பலகாரத்தைத் தவிர வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எடை திரும்பினால் அழுத்தமும் திரும்பும் என்பதால், குறிப்புப் புத்தகம் தொடர்கிறது. அடுத்த தவணையில், 5 மில்லிகிராம் அம்லோடிபினும் தேவைதானா என்று மருத்துவர் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.